பம்புக் கதவைத் திறக்கும் முன்: ஐவி லைனை மாட்டவும் கழற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். நைட் டூட்டி முடியும் நேரம். நோயாளியின் கவுன் நனைந்திருந்தது, மாற்ற வேண்டும். வென்ஃப்ளான் (ரத்தக்குழாய்க்குள் விட்டிருக்கும் ஊசிக்குழாய்) இருந்த கையிலிருந்து கவுனை உருவ வேண்டுமென்றால் பாட்டிலையும் செட்டையும் (பாட்டிலிலிருந்து கைவரை வரும் குழாய்) கவுன் கைக்குள் விட்டு வெளியே எடுக்க வேண்டும். அதற்குச் செட்டை, மருந்தை அளந்து தள்ளும் பம்பிலிருந்து கழற்ற வேண்டும். மணிக்கு 6 மி.லி. வேகத்தில், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நைட்ரோகிளிசரின் ஓடிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், குழாயை வெளியே எடுத்தேன். குழாயை உருளையால் அமுக்கி மூடும் ரோலர் கிளாம்ப் முழுவதும் திறந்திருந்தது.

"சிஸ்டர், தலை சுத்துது" என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தால், பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் குப்பியான ட்ரிப் சேம்பரில் சொட்டையே காணோம். மருந்து ஒரே கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ரோலரை மூடி, கால்களை உயர்த்தி, டாக்டரைக் கூப்பிட்டு, பிபி பார்த்தோம்: 74/40. சலைன் ஏற்றி, கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டார். எனக்குத்தான் சரியாக நாளானது.

அந்தப் பம்பைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருந்தது, "இதுல ஃப்ரீ ஃப்ளோ ஆகாது" என்பதுதான், அதாவது மருந்து கட்டுப்பாடில்லாமல் தானாக இறங்காது. அது பொய்யும் அல்ல. குழாய் பம்புக்குள் இருக்கும்வரை ஆகாது. வெளியே எடுத்த பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த ஒரு இடைவெளியைப் பற்றியது. வார்டிலும் ஐசியுவிலும் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் நர்சிங் மாணவர்களுக்கும் எழுதுகிறேன். உங்கள் பம்பின் மேனுவல் வேறு மாதிரி சொன்னால், மேனுவல் சொல்வதையே செய்யுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

பாட்டில் நோயாளியின் கைக்கு ஒரு மீட்டர் மேலே தொங்குகிறது என்று வையுங்கள். அந்த நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறக்குறைய 74 மி.மீ. பாதரசம். கை நரம்புக்குள் (ரத்தக்குழாயான சிரைக்குள்) இருக்கும் அழுத்தம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே நடுவில் எதுவும் தடுக்காவிட்டால் திரவம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிங்க் வென்ஃப்ளான், அதாவது 20ஜி. தாராளமாகத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 60 மி.லி. அளவுக்கு ஓட விடக்கூடியது. அப்படியானால் நொடிக்கு 1 மி.லி. மணிக்கு 10 மி.லி. போகவேண்டிய மருந்தில் ஒரு மணி நேர டோஸ் 10 நொடியில் உள்ளே போய்விடும். செட்டின் தடை, நரம்பின் தடை எல்லாம் சேர்த்து வேகம் பாதியாகக் குறைந்தாலும் 20 நொடி. கவுன் கைக்குள் பாட்டிலை நுழைத்து எடுக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

உங்கள் பம்பில் இருப்பது எந்தப் பூட்டு?

கதவுள்ள வால்யூமெட்ரிக் பம்புகளில் ஃப்ரீ ஃப்ளோவைத் தடுக்க மூன்று விதமான ஏற்பாடுகள் புழக்கத்தில் உள்ளன. டூட்டியில் நிற்கும்போது உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

முதல் வகையில் பூட்டு செட்டோடு சேர்ந்தே வரும். பம்புக்குள் போகும் பகுதியில் ஒரு சிறிய கிளிப் இருக்கும். பம்பில் மாட்டிக் கதவை மூடினால் பம்பே அதைத் திறந்துகொள்ளும். கழற்றும்போது கிளிப் மூடிய நிலையில் வெளியே வரும். அலாரிஸ் செட்டுகளில் உள்ள சேஃப்டி கிளாம்ப் இந்த ரகம். வெளியே வந்த குழாயிலும் பாதுகாப்பு கூடவே வருவதுதான் இதன் பெருமை. ஆனால் அந்தக் கிளிப்பைக் கையால் திறக்கவும் முடியும், பிரைம் செய்யும்போது (குழாயில் மருந்தை நிரப்பிக் காற்றை வெளியேற்றும்போது) திறக்கத்தான் வேண்டும். திறந்ததை மறந்தால் பூட்டு இருந்தும் இல்லாததுதான்.

இரண்டாவது, சாவி மாதிரி வேலை செய்யும் ஸ்லைடு கிளாம்ப். குழாயில் கோத்த ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு. பம்பில் அதற்கென்று ஒரு துளை இருக்கும். கிளாம்பை அதில் செருகினால்தான் குழாய் விடுபடும். செருகும் செயலிலேயே குழாய் நசுங்கி அடைபட்டுவிடும். பாக்ஸ்டர் பம்புகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். மறதியை எதிர்பார்த்தே செய்த ஏற்பாடு என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது வகை நம்மூர் மருத்துவமனைகளில் சகஜமாகக் கிடைப்பது. சாதாரண ஐவி செட்டையே போடக்கூடிய பம்ப். மெனுவில் செட்டின் பிராண்டைத் தேர்ந்தெடுப்போம். கதவுக்கு உட்புறம் ஸ்பிரிங் வைத்த ஒரு கவ்வி இருக்கும். கதவைத் திறந்ததும் அது குழாயைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கவ்வி பம்பின் உறுப்பு, செட்டின் உறுப்பு அல்ல. கவ்வியிலிருந்து குழாயை விடுவித்த மறுநொடி பாதுகாப்பு பம்போடு நின்றுவிடும், குழாய் தனியாக உங்கள் கைக்கு வந்துவிடும். அன்று நான் கழற்றியது இதைத்தான்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன், 2003ஆம் ஆண்டுக்கென்று முதன்முதலாக வகுத்த தேசிய நோயாளி பாதுகாப்பு இலக்குகளிலேயே எல்லா ஐவி பம்புகளிலும் ஃப்ரீ ஃப்ளோ தடுப்பு இருக்க வேண்டும் என்று சேர்த்தது. அதனால் இன்று எந்தப் பம்பின் விற்பனைத் தாளிலும் இந்த வசதியை எழுதியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கதவு திறந்தால் மட்டும் தடுக்குமா, குழாய் வெளியே வந்தாலும் தடுக்குமா? கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் ஆளைக் கூப்பிட்டு, நோயாளி இல்லாத ஒரு பம்பில், ஒரு வாளிக்குள் சலைனை விட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. பத்து பக்கச் சுற்றறிக்கையைவிட அது மனதில் நிற்கும்.

படி 1: செட்டும் பாட்டிலும்

பம்புக்கு உரிய செட்டை எடுங்கள். தனிச் செட் தேவைப்படும் பம்பில் கடையில் கிடைத்ததைத் திணிக்காதீர்கள். பொதுச் செட் போடும் பம்பில் மெனுவில் உள்ள பிராண்டும் கையில் உள்ள செட்டும் ஒன்றா என்று பாருங்கள். குழாயின் விட்டமும் மென்மையும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பம்பின் விரல்கள் (குழாயை வரிசையாக அமுக்கும் பாகங்கள்) ஒவ்வொரு முறை நசுக்கும்போதும் எவ்வளவு தள்ளும் என்பது அதைப் பொறுத்தது. ஸ்டோரில் புது பிராண்ட் வந்து இறங்கிய வாரத்தில் "பம்ப் ஸ்லோவா ஓடுது" என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்தது ஏர் வென்ட். கண்ணாடி பாட்டில் சுருங்காது. உள்ளே காற்று போனால்தான் திரவம் வெளியே வரும். அரைவிறைப்பான பிளாஸ்டிக் பாட்டில் ஓரளவு சுருங்கி, அப்புறம் முரண்டு பிடிக்கும். வென்ட் மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுத்தாலும் வராது. மெல்லிய பைக்கு வென்ட் தேவையில்லை, மூடியே வையுங்கள். பாட்டிலைச் செருகும்போது வென்ட் மூடி இருக்கட்டும், தொங்கவிட்ட பிறகு திறங்கள். முன்பே திறந்துவைத்தால் வென்ட்டின் ஃபில்டர் நனைந்து அடைபட்டுவிடலாம். பாட்டிலின் அடியில் ஊசி குத்திக் காற்று விடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வடிகட்டாத வார்டுக் காற்றை நேராக மருந்துக்குள் விடும் வழி அது. வென்ட் உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பாராசிட்டமால் 100 மி.லி. கண்ணாடி வயல் மீது ஒரு கண் இருக்கட்டும். வென்ட் திறந்த கண்ணாடி வயல் காலியான பின்பும் ஓட்டம் நிற்காவிட்டால் குழாயில் அடுத்து இறங்குவது காற்றுதான். பம்பில் போட்டால் காற்று சென்சார் பிடிக்கும். வெறும் கிராவிட்டியில் போட்டால் உங்கள் கண்தான் சென்சார்.

படி 2: பிரைமிங்

ரோலரை மூடிவிட்டுச் செருகுங்கள். ட்ரிப் சேம்பரை அமுக்கி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நிரப்புங்கள். மேலே நிறைந்துவிட்டால் சொட்டை எண்ண முடியாது, ட்ராப் சென்சார் மாட்டினாலும் பயன் இல்லை. பிறகு ரோலரை மெதுவாகத் திறந்து குழாயை நிரப்புங்கள். வேகமாகத் திறந்தால் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். ஒய் போர்ட் (ஊசி போடும் கிளை) வரும் இடங்களைத் தலைகீழாகப் பிடித்து விரலால் சுண்டுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்து மாட்டிய திரவம் சூடேறும்போது புதிதாகக் குமிழ் விடும், அரை மணி கழித்து ஏர் அலாரம் அடிக்கும். அது பம்பின் குற்றம் அல்ல.

இன்சுலின் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அது பிவிசி குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் 20 மி.லி. கரைசலைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிய பிறகு இணைப்பது வழக்கம். இல்லையென்றால் முதல் சில மணி நேரம் சுகர் குறையவில்லையே என்று ரேட்டை ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

பர்ஜ் பட்டனை (குழாயை வேகமாக நிரப்பும் பட்டன்) அமுக்கும் முன்பு லைன் நோயாளியிடம் இணைந்திருக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: பம்பில் மாட்டுதல்

இதில் வரிசை முக்கியம்.

1. ரோலரை மூடுங்கள். மூடியதை விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள்.
2. கதவைத் திறந்து, குழாயை அம்புக்குறி காட்டும் திசையில் பள்ளத்துக்குள் வையுங்கள். இழுத்து நீட்டவும் வேண்டாம், தொளதொளவென்றும் விட வேண்டாம். இழுத்து வைத்த குழாய் உள்விட்டம் குறைந்து மருந்தைக் குறைவாகத் தள்ளும்.
3. காற்று சென்சாரின் பிளவுக்குள் குழாய் முழுவதும் அமர்ந்ததா என்று பாருங்கள். கை சானிடைசர், டெக்ஸ்ட்ரோஸ் பிசுபிசுப்பு எதுவும் குழாயில் இருக்கக் கூடாது.
4. உங்கள் பம்பில் கிளிப்போ ஸ்லைடு கிளாம்போ இருந்தால் அதை அதற்குரிய இடத்தில் பொருத்துங்கள். கதவை மூடுங்கள். மூட மறுத்தால் அழுத்தி மூடாதீர்கள். ஏதோ சரியாக அமரவில்லை என்று பொருள்.
5. பம்ப் நின்ற நிலையிலேயே, நோயாளியிடம் இணைக்கும் முன்பே, ரோலரை முழுவதும் திறந்து ட்ரிப் சேம்பரைப் பத்து நொடி பாருங்கள். ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

அந்த ஐந்தாவதை நான் எந்தப் புது நர்ஸுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பம்பு நிற்கும்போதும் அதன் விரல்களில் குறைந்தது ஒன்றாவது குழாயை முழுவதும் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். கதவின் கீல் தளர்ந்திருந்தாலும், உள்ளே இருக்கும் தட்டு உடைந்திருந்தாலும், தவறான செட் போட்டிருந்தாலும் அந்த அடைப்பு முழுமையாக இருக்காது, சொட்டு விழும். பம்ப் திரையில் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். சொட்டு விழுந்தால் அந்தப் பம்பைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எடுங்கள். ஒரு ஜூனியர் கேட்டாள், "அக்கா, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி வேஸ்ட் பண்ணணுமா?" மேலே போட்ட கணக்கைக் காட்டினேன். அதிலும் பத்து நொடிதான்.

ரோலர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் உண்டு. பொதுச் செட் போடும் பல பம்புகளில் ரோலரைப் பம்புக்குக் கீழே, நோயாளி பக்கமாக வைக்கச் சொல்கிறார்கள். காரணம் எளியது. ரோலரைத் திறக்க மறந்துவிட்டுப் பம்பை ஓடவிட்டீர்கள் என்று வையுங்கள். ரோலர் கீழே இருந்தால் அழுத்தம் ஏறி அடைப்பு அலாரம் நிச்சயம் அடிக்கும். மேலே இருந்தால், பாட்டில் பக்க அடைப்பை உணரும் சென்சார் இல்லாத பம்ப் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும், திரையில் மி.லி. ஏறும், நோயாளிக்கு எதுவும் போகாது. தவிர, கீழே இருந்தால் கழற்றும்போது கைக்கு உடனே எட்டும்.

படி 4: எண்களைப் போடுதல்

ரேட், மொத்த அளவு இரண்டையும் வாய்விட்டுச் சொல்லி அமுக்குங்கள். இரண்டும் இடம் மாறுவதும் 10.5 என்பது 105 ஆவதும் எல்லா வார்டிலும் நடக்கும் பிழைகள். மருந்துப் பட்டியல் உள்ள ஸ்மார்ட் பம்ப் என்றால் அதைத் தாண்டி "எம்எல் பெர் ஹவர்" மட்டும் போட்டு ஓட்டாதீர்கள். உச்ச வரம்பு எச்சரிக்கை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 500 மி.லி. பாட்டிலுக்கு 480 போடுங்கள். பிரைமிங்கில் போனது போக, காற்று இறங்கும் முன் பம்பே நிறுத்திக்கொள்ளும். பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின், இனோட்ரோப் (இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும் மருந்து), ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற வலிமருந்து) ஆகியவற்றுக்கு இரண்டாவது ஆள் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீங்கள் விடையைச் சொல்லி அவர் தலையாட்டுவது செக்கிங் ஆகாது.

படி 5: நோயாளியிடம் இணைத்தல்

வென்ஃப்ளானின் ஹப்பை (குழாய் இணையும் வாய்) ஸ்பிரிட் ஸ்வாபால் 15 நொடி தேய்த்து, காய விட்டு, குழாய் முனையின் திருகுப் பூட்டான லூயர் லாக்கைத் திருகுங்கள். கையிறுக்கம் போதும். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் போட்டு முறுக்கினால் ஹப் விரிசல் விடும். சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே பெரிய ரத்தக்குழாயில் போட்டது) என்றால் அந்த விரிசல் வழியே காற்றும் உள்ளே போகலாம். லாக் இல்லாத, வெறும் அழுத்திச் செருகும் முனையை பம்ப் லைனில் பயன்படுத்தாதீர்கள். அழுத்தம் ஏறினால் கழன்றுவிடும், போர்வைக்கடியில் படுக்கை நனைவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வந்த லூயர் முனை 6 சதவீதச் சரிவுள்ள ஒரு கூம்பு. எல்லாவற்றோடும் பொருந்தும் என்பதுதான் அதன் வெற்றி, அதன் ஆபத்தும் அதுவே. ஐவி லைன், முதுகுத்தண்டுப் பகுதிக்கான எபிடூரல் லைன், உணவுக் குழாய், பிபி கஃப்பின் காற்றுக் குழாய் எல்லாம் ஒரே மாதிரி முனையோடு இருந்தபோது தவறாக இணைத்து உயிர்கள் போயிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஒன்பது நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று முழுக்க இந்தத் தவறான இணைப்பைப் பற்றியது. ஐ.எஸ்.ஓ 80369 தர வரிசை இதற்காகவே வந்தது: உணவுக் குழாய்க்கு என்ஃபிட், முதுகுத்தண்டு ஊசிக்கும் எபிடூரலுக்கும் என்ஆர்ஃபிட் என்று ஒன்றோடொன்று பொருந்தாத முனைகள். லூயர் இனி ரத்தக்குழாய்க்கும் தோலடி ஊசிக்கும் என்று ஒதுக்கப்பட்டது.

எல்லா வார்டுக்கும் அவை வந்து சேரும்வரை கைதான் வழி. இணைக்கும் முன் வென்ஃப்ளானில் தொடங்கி விரலால் குழாயைத் தடவிக்கொண்டே பாட்டில்வரை போங்கள். கண்ணால் பார்த்தால் போதாது. ஐந்து லைன் பின்னிக்கிடக்கும் படுக்கையில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. டூட்டி மாற்றும்போதும், ஸ்கேனிலிருந்து திரும்பியதும் இதையே செய்யுங்கள். லேபிளை பாட்டிலில் மட்டும் ஒட்டாமல் நோயாளி பக்க முனை அருகிலும் ஒட்டுங்கள்.

இனோட்ரோப் ஓடும் லைனில் வேறு எந்த ஊசியும் போடக் கூடாது. த்ரீ வேக்கும் (மூன்று பக்கம் திறந்து மூடும் இணைப்புத் திருகு) நரம்புக்கும் இடையில் தங்கியிருக்கும் மருந்தை உங்கள் ஃப்ளஷ் ஒரே தள்ளில் உள்ளே அனுப்பிவிடும்.

பம்ப் லைனையும் கிராவிட்டியில் ஓடும் சலைனையும் ஒரே வென்ஃப்ளானில் சேர்ப்பது அன்றாடம் நடப்பது. வென்ஃப்ளான் அடைபட்டால் பம்ப் என்ன செய்யும்? அலாரம் அடிக்காது. தடை குறைந்த பாதையாகிய சலைன் லைனுக்குள் மருந்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அரை மணி கழித்து யாரோ வந்து கையை நேராக வைத்ததும் அவ்வளவும் மொத்தமாக நரம்புக்குள் இறங்கும். இதைத் தடுக்க கிராவிட்டி கிளையில், பின்னோக்கி ஓட விடாத ஆன்டி ரிஃப்ளக்ஸ் வால்வு வேண்டும். பிக்கிபேக் (ஓடும் லைனோடு இன்னொரு பாட்டிலைச் சேர்ப்பது) போடும்போதும் இதே கதை: மெயின் பாட்டிலைக் கொக்கியில் கீழே இறக்கி, ஆன்டிபயாடிக் பாட்டிலை மேலே தொங்கவிட்டு, மெயின் லைனில் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டார்ட் அமுக்கிய பின் ஒரு நிமிடம் நில்லுங்கள். 20 சொட்டு செட் (ஒரு மி.லி.க்கு 20 சொட்டு) என்றால் மணிக்கான மி.லி.யை மூன்றால் வகுத்தால் நிமிடத்துக்கான சொட்டு. மணிக்கு 60 என்றால் 20 சொட்டு. மைக்ரோ செட்டில் (ஒரு மி.லி.க்கு 60 சொட்டு) வகுக்கவே வேண்டாம், எண் அதேதான். எண்ணிக்கை ஒத்துவந்தால் நகருங்கள். ஒரு மணி கழித்து பாட்டில் அளவையும் திரையையும் ஒப்பிடுங்கள்.

சிரிஞ்ச் பம்ப் வேறு ரகம்

இங்கே ரோலர் இல்லை, ட்ரிப் சேம்பர் இல்லை. பிளஞ்சரைப் பிடித்திருக்கும் கவ்விதான் ஃப்ரீ ஃப்ளோவுக்கு எதிரான முக்கியமான காவல். பிளஞ்சர் கவ்வியில் சரியாக மாட்டாமல், பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருந்தால், கீழே தொங்கும் குழாயிலுள்ள திரவத்தின் எடையே பிளஞ்சரை உள்ளே இழுத்துவிடும். சைஃபனிங் என்பது இதுதான். சிரிஞ்சின் காதும் பிளஞ்சரின் தலையும் அதனதன் பள்ளத்தில் அமர்ந்தனவா என்று தொட்டுப் பாருங்கள். பம்பை நோயாளியின் இதய மட்டத்தில் வையுங்கள். ஓடும்போது தூக்கினால் ஒரு குட்டி போலஸ் (ஒரே தள்ளில் போகும் மருந்து) போகும், இறக்கினால் சிறிது நேரம் மருந்தே போகாது. நார்அட்ரினலின் ஓடும் நோயாளியை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது பிபி ஏறி இறங்குவதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

புது சிரிஞ்ச் மாட்டியதும் பிளஞ்சருக்கும் கவ்விக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்கும். மணிக்கு 2 மி.லி. ஓடும் மருந்தில் அந்த இடைவெளியைக் கடக்கவே பல நிமிடங்கள் ஆகலாம். அதனால் நோயாளியிடம் இணைக்கும் முன் பர்ஜ் செய்து, முனையில் சொட்டு வருவதைப் பார்த்து, அப்புறம் இணையுங்கள். சிரிஞ்ச் பிராண்ட் தேர்வும் மறக்கக் கூடாதது, 50 மி.லி. சிரிஞ்சுகள் எல்லாம் ஒரே விட்டம் அல்ல.

கழற்றும்போது முதலில் நோயாளி பக்க த்ரீ வேயை மூடுங்கள். பிறகுதான் பிளஞ்சர் கவ்வி.

அடைப்பு அலாரம் அடித்தால்

சைலன்ஸ் பட்டனைத் தொடும் முன் யோசியுங்கள்: அலாரம் அடிக்கும்வரை பம்ப் தள்ளிய மருந்து எங்கே போனது? விரிந்த குழாய்க்குள்ளும் அமுங்கிய பிளஞ்சர் ரப்பரிலும் தங்கியிருக்கிறது. அலாரம் அடிக்கும் அழுத்தத்தை எட்ட 1 மி.லி. தேவைப்படும் லைன் என்றால், மணிக்கு 2 மி.லி. வேகத்தில் அரை மணி நேரம் நோயாளிக்கு மருந்து போகவில்லை என்று அர்த்தம். இப்போது மடிப்பை நிமிர்த்தினால் அந்த அரை மணி மருந்து ஒரே தவணையாகப் போகும்.

ஆகவே மடிப்பை உடனே நிமிர்த்தாதீர்கள். பம்பை நிறுத்தி, த்ரீ வேயை நோயாளி பக்கம் மூடி, லைனின் அழுத்தத்தை வெளியே விடுங்கள். அப்புறம் மடிப்பைச் சரிசெய்து, வென்ஃப்ளானைப் பார்த்து, மறுபடி ஓடவிடுங்கள். சில பம்புகள் தாமாகவே பின்வாங்கி அழுத்தத்தைக் குறைக்கும். உங்களுடையது அந்த ரகமா என்று தெரிந்துகொள்ளுங்கள். குறைந்த வேக மருந்துகளுக்கு அழுத்த வரம்பைக் குறைத்து வைத்தால் அலாரம் சீக்கிரம் அடிக்கும்.

மருந்து நரம்புக்கு வெளியே சதைக்குள் போனால் இந்த அலாரம் காப்பாற்றாது. தளர்ந்த திசு போதுமான எதிர்ப்பைத் தராது, பம்ப் நிம்மதியாகத் தள்ளிக்கொண்டிருக்கும். கை வீங்கியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று போர்வையை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

படி 6: கழற்றுதல்

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் விபத்து அதிகம் என்பது என் அனுபவம். மாட்டும்போது லைன் பெரும்பாலும் நோயாளியிடம் இல்லை, கழற்றும்போது இருக்கிறது.

பம்பை நிறுத்துங்கள். ரோலரை மூடுங்கள். நோயாளி பக்கம் இன்னொரு கிளாம்பையோ த்ரீ வேயையோ மூடுங்கள். சேம்பரைப் பாருங்கள். இப்போது கதவைத் திறந்து, பூட்டின் வகைக்கேற்ப ஸ்லைடு கிளாம்பையோ கிளிப்பையோ மூடி, குழாயை எடுங்கள். மறுபடி சேம்பரைப் பாருங்கள். செட்டில் தானியங்கிக் கிளிப் இருந்தாலும் ரோலரை மூடுவதை விடாதீர்கள். நாளை வேறு வார்டில் வேறு பம்பு முன்னால் நிற்கும்போது உங்கள் கைக்குத் தெரிந்த பழக்கம்தான் வேலை செய்யும்.

கவுன் மாற்றவென்று இனோட்ரோப் லைனைக் கழற்றவே வேண்டாம். தோளில் பட்டனோ நாடாவோ வைத்த கவுன் கேளுங்கள். இல்லையென்றால் பழைய கவுன் கையைக் கத்திரிக்கோலால் வெட்டிவிடுங்கள். ஸ்டோரில் திட்டுவார்கள், பரவாயில்லை. ஸ்கேனுக்குப் போகும்போது பேட்டரியில் பம்போடு போகட்டும். எம்ஆர்ஐ என்றால் அந்த அறைக்குள் போகக்கூடிய பம்பா என்று வாசலிலேயே கேளுங்கள்.

செட் மாற்றும் காலம் பற்றி இரண்டு வரி: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011ல் சொன்னபடி, தொடர்ந்து ஓடும் சாதாரணச் செட்டை 96 மணிக்குள் அடிக்கடி மாற்றத் தேவையில்லை, 7 நாளைத் தாண்டவும் கூடாது. ரத்தமும் கொழுப்புக் கரைசலும் ஓடியது 24 மணிக்குள், புரோபோஃபால் 6 முதல் 12 மணிக்குள். இவை தொற்றுக்கான கணக்கு. பொதுச் செட்டில் விரல்கள் நசுக்கிய இடம் தட்டையாகிவிடும் என்பதால், அந்தப் பகுதியை ஒரு நாளைக்குள் சற்று நகர்த்தி வைக்கச் சொல்லும் மேனுவல்களும் உண்டு. நகர்த்துவதும் ஒரு கழற்றல்தான், அதே வரிசை.

பம்ப் தவறு செய்தால்

மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏவுக்கு 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் தொடர்பாக வந்த பாதிப்பு அறிக்கைகள் சுமார் 56,000. அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் சாஃப்ட்வேர் கோளாறும் வடிவமைப்புக் கோளாறும் நிறைய. எனவே அளவுக்கு மீறி மருந்து போய்விட்டால் "நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்" என்று முடிவுகட்டிவிட்டு எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிடாதீர்கள்.

ரோலரை மூடி, நோயாளியைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். நிலைமை கட்டுக்குள் வந்ததும் திரையில் உள்ள ரேட், போன அளவு, நேரம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது படம் எடுங்கள். பம்பை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்க வேண்டாம். செட்டைக் குப்பையில் போடாமல், பாட்டிலோடு சேர்த்து ஒரு கவரில் போட்டுப் பம்போடு கட்டுங்கள். குழாய் எப்படி அமர்ந்திருந்தது, எங்கே நசுங்கியிருந்தது என்பதெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். "உபயோகிக்காதே" என்று எழுதி, என்ன நடந்தது என்று இரண்டு வரி சேர்த்து, பம்பின் சீரியல் எண்ணையும் குறித்து பயோமெடிக்கலுக்கு அனுப்புங்கள். "சரியா ஓடல" என்று மட்டும் எழுதினால் அவர்கள் அரை மணி ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் ஓடுது" என்று அடுத்த ஷிஃப்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.